பாத்தியும் வரப்பும்: பகுத்த சாளரத்தில் தமிழுக்கு எவ்வளவு இடம்?

கணினித் திரையில் ஒரே சாளரம். அதன் இடப்பக்கத்தில் ஒரு பட்டியல். வலப்பக்கத்தில், அப்பட்டியலில் நாம் தெரிந்தெடுத்த உருப்படியின் விரிவு. இரண்டுக்கும் இடையே ஒரு மெல்லிய கோடு. சுட்டியை அக்கோட்டின்மேல் கொண்டுசென்றால் அம்புக்குறி இருதலை அம்பாக மாறும். பிடித்து இழுத்தால் ஒரு பக்கம் விரியும், மறுபக்கம் சுருங்கும். மின்னஞ்சல் மென்பொருளிலும், கோப்புகளைத் தேடும் சாளரத்திலும், நிரல் எழுதும் தொகுப்பானிலும் இவ்வமைப்பை நாள்தோறும் காண்கிறோம். பயன்படுத்துவது எளிது, கட்டுவதில்தான் பல முடிவுகள் மறைந்து கிடக்கின்றன. நிரலாக்கம் பயிலும் மாணவர்க்கும் தமிழ் கற்பிக்கும் ஆசிரியர்க்கும் பொதுவான நிலம் இது என்று கருதுகிறேன். அக்கோடு எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்து ஒரு தமிழ்த் தொடரின் பொருள் திரையில் நிலைக்கவும் கூடும், தலைகீழாகவும் கூடும்.

முதலில் பெயர்களைப் பார்ப்போம். சாளரம் நமக்குப் பழஞ்சொல், சிலப்பதிகாரத்தில் உண்டு. அக்காப்பியத்திலேயே காலதர் என்னும் சொல்லும் வருகிறது. கால் என்பது காற்று, அதர் என்பது வழி. ஆங்கிலத்தின் ‘விண்டோ’ என்பதும் ‘காற்றின் கண்’ எனப் பொருள்படும் பழைய நார்சு மொழிச் சொல்லிலிருந்து வந்ததே. இரு தொலைவான மொழிகள் ஒரே காற்றை வைத்துப் பெயரிட்டிருப்பது மொழி ஆர்வலர்க்கு மகிழ்ச்சி தரும். ஆனால் சாளரத்தின் உட்பகுதியாகிய ‘பேன்’ என்பதற்குத் தமிழில் நிலைபெற்ற சொல் இன்னும் அமையவில்லை. பலகம் என்று சிலர் எழுதுகின்றனர். பகுதி என்று பொதுவாகச் சொல்வோரும் உளர். இவ்வுரையில் நான் பாத்தி என்றே சொல்லப் போகிறேன். பாத்தி என்பது பகு என்னும் வினையோடு உறவுடைய சொல். பகுப்பு என்பதே அதன் அடிப்பொருள். தோட்டத்தில் கீரைப்பாத்தி, கடலோரத்தில் உப்புப்பாத்தி. பாத்திகளுக்கு இடையே நிற்பது வரப்பு. சாளரத்திலும் அப்படியே கொள்வோம்: இரண்டு பாத்தி, நடுவே ஒரு வரப்பு. வயலில் வரப்பை நகர்த்தினால் அண்டை வீட்டாரோடு வழக்கு வரும். இங்கே வரப்பு நகர்வதற்கென்றே கட்டப்படுகிறது. ஆயினும் வழக்கு இல்லாமற் போவதில்லை.

சாளரத்தைப் பகுக்கும் எண்ணம் புதிதன்று. 1970களில் கலிபோர்னியாவிலுள்ள ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆய்வகத்தில் ஸ்மால்டாக் என்னும் நிரல்மொழி உருவானபோது, நிரலைப் படிப்பதற்கென லாரி டெஸ்லர் ஓர் உலாவியை அமைத்தார். மேலே சிறு பட்டியல்கள், கீழே நிரலின் பாடம் என்பதே அதன் அமைப்பு. ஒன்றில் தொட்டது மற்றொன்றில் விரியும் அந்த ஏற்பாடுதான் இன்றுவரை தொடர்கிறது. பொதுமக்கள் பெருமளவில் இதனைக் கண்டது 1995இல் வெளிவந்த விண்டோஸ் 95இன் கோப்புலாவியில்: இடப்பக்கம் அடைவுகளின் மரம், வலப்பக்கம் கோப்புகள்.

வகுப்பறையில் செய்துபார்ப்பதற்கு உகந்த கருவி பைத்தன் மொழியோடு வழக்கமாகக் கிடைக்கும் டிகேஇன்டர். இது ஜான் ஔஸ்டர்ஹவுட் படைத்த டிகே என்னும் வரைகலைத் தொகுதிமேல் நிற்பது. அதில் பாத்திகளைத் தாங்கும் உறுப்பு இரண்டு உண்டு. ஒன்று 2002இல் டிகே 8.4ஆம் பதிப்போடு வந்த பழைய ‘பேன்டு விண்டோ’. மற்றொன்று 2007இல் 8.5ஆம் பதிப்போடு வந்த, தோற்றத்தில் மெருகேறிய டிடிகே தொகுதியிலுள்ள அதே பெயருடைய உறுப்பு. பெயர் ஒன்று, இயல்பு வேறு. இதனை அறியாத மாணவர் முதல் நாளிலேயே தடுமாறுவர்.

நாம் கட்டப்போவது ஒரு தொடரடைவு என்று வைத்துக்கொள்வோம். மாணவர்களின் கட்டுரைகள் ஒரு கோப்பில் உள்ளன. இடப்பாத்தியில் அவற்றிலுள்ள சொற்களின் அகரவரிசை. ஒரு சொல்லைத் தொட்டால், அச்சொல் வரும் தொடர்கள் அனைத்தும் வலப்பாத்தியில் வரிசையாகத் தோன்ற வேண்டும். ‘ஆகவே’ என்னும் சொல்லை நம் மாணவர் எங்கெங்கே எப்படியெப்படிக் கையாளுகின்றனர் என்று ஓர் ஆசிரியர் பத்து நொடியில் பார்த்துவிடலாம்.

வரப்பை இடும்போது முதலில் எழும் கேள்வி திசை பற்றியது. டிகேயில் ‘ஹாரிசான்ட்டல்’, அதாவது கிடை, என்று குறித்தால் பாத்திகள் பக்கம் பக்கமாக அமையும். வரப்போ நெட்டுக்குத்தாக நிற்கும். இங்கே கிடை என்பது வரப்பின் திசையன்று; பாத்திகள் அடுக்கப்படும் திசை. ஜாவாவின் ஸ்விங் தொகுதியும், க்யூட் என வழங்கும் தொகுதியும் இவ்வாறே கொள்கின்றன. விம் என்னும் தொகுப்பானில் இது நேர்மாறு: அங்கே நெட்டுக்குத்துப் பகுப்பு என்றால்தான் பாத்திகள் பக்கம் பக்கமாக அமையும், ஏனெனில் பெயர் கோட்டிலிருந்து பிறக்கிறது. ஒரே சொல், கோட்டைக் குறிக்கிறதா அடுக்கைக் குறிக்கிறதா என்பதில் ஒப்புதல் இல்லை. ஈமாக்ஸ் தொகுப்பானை வளர்ப்போர் 2012இல் வெளிவந்த 24ஆம் பதிப்பில் இதற்கு ஒரு நல்ல தீர்வு கண்டனர். ‘கிடையாகப் பகு’ என்றிருந்த கட்டளையை ‘வலப்பக்கம் பகு’ என்றும், ‘நெட்டுக்குத்தாகப் பகு’ என்றிருந்ததைக் ‘கீழே பகு’ என்றும் மாற்றினர். பழைய பெயர்களையும் மாற்றுப்பெயர்களாக விட்டுவைத்தனர். கலைச்சொல் ஆக்கும் நாமும் பின்பற்றத்தக்க முறை அது. அரூபமான அச்சைச் சொல்வதைவிட, புதிய பாத்தி எங்கே வரும் என்று சொல்வது தெளிவு. டிகேயில் இன்னொரு சிறு பொறியும் உண்டு. திசை குறிக்காமல் விட்டால் பழைய உறுப்பு பக்கம் பக்கமாக அடுக்கும். டிடிகே உறுப்பு மேலும் கீழுமாக அடுக்கும். ஆகவே எப்போதும் திசையை எழுதிவிடுவது நலம்.

அடுத்து, பாத்தி எவ்வளவுக்குச் சுருங்கலாம் என்பது. இவ்வுரையின் நடுப்பொருள் இதுவே. எனவே சற்று நின்று பேச வேண்டும்.

நான் பார்த்த ஒரு பள்ளி மென்பொருளில் மாணவரின் பெயர் ஒரு பாத்தியிலும் அவருடைய பணியின் நிலை மற்றொரு பாத்தியிலும் காட்டப்பட்டன. நிலை காட்டும் பாத்தி குறுகலானது. அதில் எல்லா மாணவர்க்கும் நேராக ‘ஒப்படைக்கப்ப…’ என்றே நின்றது. ஒப்படைக்கப்பட்டதா, ஒப்படைக்கப்படவில்லையா? அதே மென்பொருளின் ஆங்கில முகப்பில் இக்குழப்பம் இல்லை. ஆங்கிலத்தில் எதிர்மறைச் சொல்லாகிய ‘நாட்’ முன்னே வந்துவிடுகிறது. வாலைத் துணித்தாலும் பொருள் தப்பிப் பிழைக்கும். மலாய்மொழியிலும் ‘தீடாக்’ முன்னேதான் நிற்கும். சீனத்திலும் மறுப்புச் சொல் வினைக்கு முன்னே வரும். சிங்கப்பூரின் நான்கு அதிகாரத்துவ மொழிகளுள் தமிழ் ஒன்றுதான் வினையின் மறுப்பைப் பின்னே வைக்கிறது. மறுப்பு மட்டுமன்று, காலம், இடம், பால், எண், ஐயம், வினா எல்லாமே நம் மொழியில் பகுதிக்குப் பின்னர் ஒட்டுகளாக அடுக்கப்படுகின்றன. ‘வந்திருக்க’ என்பதுவரை கண்ணுக்குத் தெரிந்தால், அது வந்திருக்கலாம், வந்திருக்கவேண்டும், வந்திருக்கவில்லை என எதுவாகவும் முடியலாம். ஒட்டுநிலை மொழி என்று வகுப்பில் நாம் சொல்லிக்கொடுக்கும் இலக்கணப் பண்பு, திரையில் ஓர் அகலக் கணக்காக வந்து நிற்கிறது. வலப்புறத்தைத் துணிக்கும் பாத்தி ஆங்கிலத் தொடரில் விவரத்தைத் துணிக்கிறது. தமிழ்த் தொடரில் தீர்ப்பையே துணித்துவிடுகிறது.

இதற்கு இரண்டு மருந்து உண்டு; இரண்டும் வேண்டும். முதல் மருந்து தமிழாசிரியரின் கையில் இருக்கிறது. ‘சேமிக்கப்பட்டது’, ‘சேமிக்கப்படவில்லை’ என்னும் இணையைப் பாருங்கள். ஆறாம் எழுத்துவரை இரண்டும் ஒன்றே. ஏழாம் எழுத்தில்தான் பிரிகின்றன. ‘சேமித்தாயிற்று’, ‘சேமிக்கவில்லை’ என்று எழுதினால் மூன்றாம் எழுத்திலேயே பிரிந்துவிடும். இடமும் மிச்சம். திரையில் குவியும் படுவிகுதிச் செயப்பாட்டு வினைகளிற் பெரும்பாலானவை ஆங்கில மூலத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்ததன் விளைவு. தமிழின் இயல்பான தேவையால் வந்தவை அல்ல. மாணவர் பணி ‘வந்தது’ அல்லது ‘வரவில்லை’ என்றால் எந்த ஆசிரியர்க்குப் புரியாது? முகப்புச் சொற்களை மொழிபெயர்ப்போரும் திரையை வரைவோரும் ஒரே மேசையில் அமர வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

இரண்டாம் மருந்து நிரலாளர் கையில். டிகேயின் பழைய உறுப்பில் ஒவ்வொரு பாத்திக்கும் ‘மின்சைஸ்’ என்னும் குறைந்த அளவைக் குறிக்கலாம். வரப்பை எவ்வளவு இழுத்தாலும் பாத்தி அதற்குக் கீழே போகாது. டிடிகே உறுப்பில் இவ்வசதி இல்லை; பாத்தியை ஏறத்தாழ ஒன்றுமில்லாமல் நசுக்கிவிடலாம். தோற்றம் சற்றுப் பழையதாயினும் நம் தொடரடைவுக்குப் பழைய உறுப்பையே நான் பரிந்துரைக்கிறேன். ஸ்விங் தொகுதியிலும், பாத்திக்குள் இருக்கும் உறுப்பு தன் குறைந்த அளவைச் சொன்னால், வரப்பு அதனை மதிக்கும். க்யூட்டில் குறைந்த அளவும் உண்டு. ஆனால் அதற்கும் அப்பால் இழுத்தால் பாத்தி முழுவதும் மடங்கி மறைவதே அங்கு இயல்பான அமைப்பு. வேண்டாமெனில் அதனை நாமே நிறுத்த வேண்டும்.

குறைந்த அளவு எத்தனை படப்புள்ளி? இங்கேதான் பெரும்பாலோர் ஆங்கில முகப்புக்கு எழுதிய எண்ணை அப்படியே எடுத்துக்கொள்கின்றனர். எழுத்தை எண்ணி அகலம் காண்பதும் பயன்படாது. ‘சொற்பொழிவு’ என்பதில் நாம் எண்ணுவது ஐந்தெழுத்து. ஒருங்குறி முறையில் கணினி சேமிப்பதோ பத்துக் குறியீடு. ‘சொ’ என்னும் ஓரெழுத்து, சகரம் ஒன்று, ஒகரக்குறி ஒன்று என இரண்டாகச் சேமிக்கப்படுகிறது. திரையிலோ அக்குறி சகரத்துக்கு முன்னும் பின்னுமாகப் பிரிந்து மூன்று வடிவங்களாக வரையப்படுகிறது. ஐந்து, பத்து என்னும் இவ்விரண்டு எண்களுமே அகலத்தைச் சொல்ல மாட்டா. டிகேயில் பாடப்பெட்டியின் அகலத்தை இருபது என்று எழுதினால், அது அவ்வெழுத்துருவின் சுழி இலக்கம் இருபது நிற்கும் அகலம் என்றே பொருள். இருபது தமிழெழுத்து அதில் அடங்கும் என்று எண்ணினால் ஏமாற்றமே மிஞ்சும். 1997இல் சிங்கப்பூரில் தமிழ் இணைய மாநாடு கூடிய காலத்தில் எழுத்துருவும் குறியீடும் ஒன்றுபடாமையே நம் பெருந்துன்பம். குறியீடு இன்று ஒன்றுபட்டுவிட்டது. அகலத்தை அளக்கும் பழக்கம் இன்னும் வரவில்லை.

அளக்க வழி எளியது. டிகேஇன்டரின் எழுத்துருப் பகுதியில் ‘மெஷர்’ என்னும் செயற்கூறு இருக்கிறது. எழுத்துருவையும் அளவையும் சொல்லி ஒரு சொல்லைக் கொடுத்தால், அச்சொல் எத்தனை படப்புள்ளி அகலம் என்று அது விடை தரும். இடப்பாத்தியில் வரப்போகும் சொற்கள் அனைத்தையும் அதனிடம் கொடுத்து, மிகப்பெரிய விடையை எடுத்து, அதனோடு உருட்டுப்பட்டையின் அகலத்தையும் இரு ஓரங்களின் இடைவெளியையும் கூட்டினால் அதுவே மின்சைஸ். பயனர் எழுத்தைப் பெரிதாக்கினால் இக்கணக்கை மறுபடி செய்து பாத்திக்குப் புதிய அளவைச் சொல்ல வேண்டும். என் வயதினர் எழுத்தைப் பெரிதாக்காமல் எதையும் படிப்பதில்லை என்பதை இளம் நிரலாளர் நினைவிற்கொள்க.

வலப்பாத்தியில் வருவன முழுத்தொடர்கள்; அவற்றை ஒரே வரியில் அடக்க முடியாது, மடிக்கத்தான் வேண்டும். டிகேயின் பாடப்பெட்டி நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் எழுத்து எங்கே முடிகிறதோ அங்கேயே வரியை மடித்துவிடும். சொல்லின் நடுவிலும் மடிக்கும். ‘ராப்’ என்பதற்குச் ‘சொல்’ என மதிப்புக் கொடுத்தால் சொல்லிடைவெளியில் மடியும். ஆனால் தமிழில் ஒரு சொல்லே மிக நீளமாக இருக்கக்கூடும். ‘கற்றுக்கொண்டிருக்கிறார்களென்பதனால்’ என்று ஒரு மாணவர் சேர்த்தெழுதிவிட்டால், பாத்தி அதனினும் குறுகலாக இருக்கும்போது சொல் உடைந்தே தீரும். ஆகவே வலப்பாத்தியின் குறைந்த அளவையும் கோப்பிலுள்ள மிக நீண்ட சொல்லைக்கொண்டே அறுதியிட வேண்டும்.

பாத்திகளுக்குக் குறைந்த அளவு கொடுத்துவிட்டு முழுச்சாளரத்துக்குக் கொடுக்க மறப்பது வழக்கமான பிழை. இடப்பாத்தி 180 படப்புள்ளி, வலப்பாத்தி 320, வரப்பு 8 என்றால், சாளரம் 508க்குக் கீழே சுருங்கக்கூடாது. சுருங்க விட்டால் வலப்பாத்தியின் ஓரம் வெட்டுப்படும். நாம் இவ்வளவு நேரம் காத்த வினைமுற்றும் அதனோடு போய்விடும். பாத்திகளைத் தாங்கும் உறுப்பைச் சாளரத்தில் வைக்கும்போது இரு திசையிலும் நிரம்பவும் விரியவும் சொல்ல வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். இதை விட்டுவிட்டு, சாளரம் பெரிதாகியும் பாத்திகள் மூலையிலேயே நிற்கின்றன என்று அரைநாள் தேடுவோர் உண்டு.

சாளரம் பெரிதாகும்போது கூடுதல் இடம் யாருக்கு? மடையைத் திறந்தால் நீர் எந்தப் பாத்திக்குப் பாய வேண்டும் என்னும் கேள்விதான் இது. டிகேயின் பழைய உறுப்பில், ஒன்றும் சொல்லாவிட்டால், கடைசிப் பாத்தியே எல்லாவற்றையும் பெறும். ஸ்விங்கிலும் வலப்பக்கத்ததோ கீழ்ப்பக்கத்ததோதான் பெறும். டிடிகேயில் ‘வெயிட்’ என்னும் எடைகளைக் கொடுத்தால் அவ்விகிதப்படி பகிரும். நம் தொடரடைவில் சொற்பட்டியலுக்குத் தன் நீண்ட சொல்லின் அகலமே போதும். தொடர்களுக்கோ இடம் எவ்வளவு இருந்தாலும் தகும். எனவே இடப்பாத்திக்கு ‘ஒருபோதும் விரியாதே’ என்றும் வலப்பாத்திக்கு ‘எப்போதும் விரி’ என்றும் ‘ஸ்ட்ரெட்ச்’ என்பதில் குறிக்கலாம். மூலப்பாடத்தையும் மொழிபெயர்ப்பையும் பக்கம் பக்கமாக வைத்துப் படிக்கும் சாளரமாயின் இந்த விடை பொருந்தாது. அங்கே இரண்டும் சமமாக வளர வேண்டும்; இல்லாவிட்டால் எந்த மொழி கடைசியில் நிற்கிறதோ அதற்கே எல்லாம் போய்ச்சேரும்.

பயனர் தம் கையால் நகர்த்திய வரப்பு மறுநாளும் அதே இடத்தில் நிற்க வேண்டும். சாளரத்தை மூடும்போது வரப்பின் இருப்பிடத்தை ஒரு சிறு கோப்பில் எழுதிவைத்து, திறக்கும்போது படித்தால் போதும். படப்புள்ளியாக எழுதாமல் முழு அகலத்தில் எத்தனை பங்கு என எழுதுவது நல்லது. பள்ளியின் பெரிய திரையில் 900ஆம் புள்ளியில் நின்ற வரப்பு, வீட்டின் சிறிய மடிக்கணினியில் அதே எண்ணைத் தேடிப்போய் வலப்பாத்தியை ஓரத்தில் நெருக்கிவிடும். திறந்தவுடன் வரப்பை நகர்த்த முயன்றால் அது நகராது என்பதும் அறிய வேண்டியது. சாளரம் திரையில் வரையப்படும்வரை டிகே அதன் அகலத்தை ஒரு படப்புள்ளி என்றே கணக்கிடுகிறது. ஒன்றில் பாதி என்ன பாதி? முதலில் திரையைப் புதுப்பிக்கச் சொல்லிவிட்டு அதன்பின் வரப்பை வைக்க வேண்டும். ஸ்விங்கிலும் விகிதத்தால் வரப்பை வைக்கும் கட்டளை, சாளரம் திரைக்கு வருமுன் கொடுத்தால் பயனற்றுப்போகும்.

சுட்டியைப் பிடிக்க இயலாதவர்களுக்கும் வரப்பு நகர வேண்டும். ஸ்விங்கில் எஃப்8 விசையை அழுத்தினால் வரப்பு நம் பிடிக்கு வரும், அம்பு விசைகளால் நகர்த்தலாம். டிகேயில் அவ்வாறு விசைப்பலகை வழி ஒன்றும் தரப்படவில்லை. நாமே இரண்டு விசைகளை ஒதுக்கி, ஒவ்வோர் அழுத்துக்கும் வரப்பு இருபது புள்ளி நகருமாறு எழுத வேண்டும். கட்டுப்பாட்டு விசையும் அம்பும் சேர்ந்த இணையை இதற்கு எடுக்கலாகாது. பாடப்பெட்டியில் அது சொல்லுக்குச் சொல் தாவுவதற்கு முன்பே பயன்படுகிறது. நம் வழியில் நகர்த்தும்போது பாத்தியின் குறைந்த அளவைத் தாண்டாமல் நாமும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது காப்பு. வரப்பின் தடிமனையும் எட்டுப் புள்ளிக்குக் குறையாமல் வைத்தால் நடுங்கும் விரல்களுக்கும் அகப்படும்.

மூன்றாம் பாத்தி வேண்டுமெனில், எடுத்துக்காட்டாக ஆசிரியரின் குறிப்புகளுக்கு, வலப்பாத்திக்குள்ளேயே மேல்கீழாக அடுக்கும் மற்றோர் உறுப்பை வைக்கலாம். வெளிப்பாத்தியின் குறைந்த அளவு உட்பாத்திகளில் அகலமானதற்கு ஈடுகொடுக்கிறதா என்று அப்போது மறுபடி கணக்கிட வேண்டும். வெளியில் நாம் எழுதிய எண், உள்ளே இருப்பதை அறியாது.

கட்டி முடித்ததும் வகுப்பில் ஒரு சோதனை செய்க. எழுத்தளவை இரண்டு படி கூட்டுங்கள். சாளரத்தை இயன்றவரை சிறிதாக்குங்கள். வரப்பை இடக்கோடிக்கும் வலக்கோடிக்கும் இழுங்கள். ஒவ்வொரு முறையும், பட்டியலிலுள்ள ‘எழுதினான்’, ‘எழுதியிருக்கலாம்’, ‘எழுதியிருக்கவில்லை’ என்னும் மூன்றையும் ஒரு மாணவர் எழுந்து உரக்கப் படிக்கட்டும். மூன்றன் கடைசி எழுத்தும் அவர் கண்ணுக்குத் தெரிந்தால் மின்சைஸ் சரி.